லெப்டொப்புக்கு வயசு போகேல்ல

"அப்கிரேட் பண்ணினதில இருந்து லெப்டொப் சரியா இழுக்குது." கடந்த சில மாதங்களாக எங்கட பீடத்தில் அதிகம் கேட்கிற வசனம் இதுதான். அதற்குக் கிடைக்கிற பதில்கள் எப்போதும் இரண்டு. ஒன்று, "போர்மட் அடிச்சுப் பார்". மற்றது, "அது பழசாப் போச்சு, புதுசு ஒண்டு எடு". முதலாவதைச் சொல்பவர்கள் கடைக்காரர்களும், பட்ச்சில் 'கொம்பியூட்டர் தெரிந்தவர்' என்று பெயர் எடுத்தவர்களும். இரண்டாவதை யாரும் சொல்லலாம், சொல்பவருக்குச் செலவில்லை. இந்த இரண்டு பதில்களும் பெரும்பாலான நேரங்களில் தேவையில்லாதவை. அவற்றைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிற பழக்கத்தால் கலைப்பீட மாணவர்களான நாங்கள் காசை மட்டும் இழக்கவில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறோம்.

ஏன் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 யூலையில். பத்து வருடங்கள் கழித்து, 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு அதற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. அன்று இரவு கணினிகள் நின்றுபோகவில்லை. ஆனால் அதன்பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு முன்புபோலத் திருத்தங்கள் வராது. எனவே நிறையப் பேர் விண்டோஸ் 11 க்கு மாறினார்கள். சிலர் திரையில் வந்த அறிவித்தலை அழுத்தி மாறினார்கள், சிலருக்குக் கடையில் மாற்றிக் கொடுத்தார்கள்.

மாறிய இயந்திரங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் பார்க்க வேணும். எங்களில் பலரிடம் இருப்பது கொரோனாக் காலத்தில் சூம் வகுப்புகளுக்காக வீட்டில் கஷ்டப்பட்டு எடுத்த லெப்டொப். இல்லாவிட்டால் அண்ணாவோ அக்காவோ பாவித்து விட்டது, அல்லது வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா வரும்போது கொண்டுவந்தது. எடுத்த காலத்தில் அவை மோசமான இயந்திரங்கள் அல்ல. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று பெட்டியில் போட்டிருந்தது. 1 டிபி என்ற இலக்கம் பெரிதாகத் தெரிந்தது. அது என்ன வகையான டிஸ்க் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

புதுசு எடு என்று சொல்பவர்கள் இந்த நாட்டில் நடந்ததையும் நினைக்க வேணும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அதன்பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவே இல்லை. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 15 இலிருந்து 18 சதவீதமானது. போதாததற்கு, 2025 இன் கடைசி மாதங்களில் இருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிப்பதால் உலகம் முழுக்க ரேம் விலை ஏறியிருக்கிறது. மகாபொலக் காசிலும் வீட்டில் இருந்து வரும் காசிலும் மாதத்தை ஓட்டுகிற ஒருவரிடம் "புதுசு எடு" என்று சொல்வது, அவரைக் கடன்காரராக்கப் போகிற அறிவுரை. அதைச் சொல்ல முதல் பழையதை ஒழுங்காக ஒருக்காப் பார்த்திருக்க வேணும்.

முதலில் ஒரு இரவு பொறுங்கோ

பெரிய அப்கிரேட் ஒன்று முடிந்தவுடன் கணினி சும்மா இருப்பதில்லை. தேடல் வசதிக்காக உங்கள் பைல்கள் எல்லாவற்றுக்கும் திரும்ப அட்டவணை போடும். வைரஸ் காவல் மென்பொருள் எல்லாவற்றையும் ஒருமுறை துழாவும். மீதி அப்டேற்றுகள் பின்னால் இறங்கும். ஒன்டிரைவ் இருந்தால் அதுவும் பைல்களை ஏற்றி இறக்கும். முதல் ஓரிரு நாள் மெதுவாக இருப்பது இதனால்தான். அந்த நேரத்தில் அசைன்மென்டும் தலைக்கு மேலே இருந்தால் லெப்டொப் செத்துவிட்டது என்றே தோன்றும். சார்ஜரில் போட்டு, தூங்கவிடாமல், ஒரு இரவு அதன்பாட்டுக்கு விடுங்கோ. சிலருடைய பிரச்சினை அந்த இரவோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால், அதையே கேட்டுப் பாருங்கோ. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வேர்க் என்று நான்கு நிரல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சதவீதம் இருக்கும். நிரலின் தலைப்பை அழுத்தினால் அதிகம் எடுப்பது மேலே வரும். லெப்டொப் இழுக்கும் அந்த நேரத்தில் எந்த நிரல் 100 க்குக் கிட்ட நிற்கிறது என்று பாருங்கோ. நோய் எது என்பதை அதுதான் சொல்லும். காய்ச்சல் என்று போனவருக்கு வெப்பமானி வைக்காமல் மருந்து கொடுக்கிற வைத்தியரை நாங்கள் நம்ப மாட்டோம். ஆனால் இந்த நான்கு இலக்கங்களைப் பார்க்காமல் போர்மட் அடிக்கச் சொல்பவரை நம்புகிறோம்.

டிஸ்க் நிரல் 100 ஐக் காட்டினால்

பழைய லெப்டொப்புகளில் அடிக்கடி காண்பது இதுதான், எனவே கொஞ்சம் விபரமாகப் பார்ப்போம். டாஸ்க் மனேஜரில் 'பெர்போமன்ஸ்' பகுதிக்குப் போய் டிஸ்க் என்பதைப் பார்த்தால், அது எச்டிடியா எஸ்எஸ்டியா என்று எழுதியிருக்கும். எச்டிடி என்றால் உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. லெப்டொப்புகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. அந்தத் தட்டின்மேல் ஒரு கை அங்குமிங்கும் நகர்ந்து தகவலை வாசிக்கிறது.

எங்கட நூலகத்தையே உதாரணமாக எடுக்கலாம். கேட்ட புத்தகத்தை உள்ளே போய் எடுத்துத் தர ஒரே ஒரு உதவியாளர் இருக்கிறார் என்று வையுங்கோ. ஒரே தட்டில் வரிசையாக இருக்கும் 50 புத்தகங்களைக் கேட்டால் ஒரே நடையில் அள்ளிக்கொண்டு வருவார். ஆனால் 50 பேர் வந்து 50 வெவ்வேறு தட்டுகளில் இருக்கும் புத்தகங்களைக் கேட்டால், அவருக்கு நடக்கத்தான் நேரம் சரி. ஹார்ட் டிஸ்க்கின் கதையும் இதுதான். ஒரு பெரிய படத்தைக் கொப்பி பண்ணும்போது அது நொடிக்கு 100 எம்பி அளவில்கூடத் தரும். ஆனால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்கச் சொன்னால், நொடிக்கு ஏறத்தாழ நூறு தடவைதான் அதனால் கை நகர்த்த முடியும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும்போது பக்கத்தில் வேகம் வெறும் 1 அல்லது 2 எம்பி என்று இருந்தால் குழம்ப வேண்டாம். உதவியாளர் நடந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

புதிய இயங்குதளங்கள் பின்னணியில் ஒரே நேரத்தில் நிறையச் சின்ன வேலைகளைச் செய்கின்றன. அவை எஸ்எஸ்டி இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்டவை. ஆனால் விண்டோஸ் 11 க்கான ஆகக்குறைந்த தேவைப் பட்டியலில் இருப்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு இடம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, ஆதரவுப் பட்டியலில் உள்ள செயலி போன்றவைதான். சேமிப்பு எவ்வளவு என்று கேட்கிறார்கள், எந்த வகை என்று கேட்பதில்லை. எனவே ஹார்ட் டிஸ்க் உள்ள லெப்டொப்பும் பரிசோதனையில் பாஸ். 'தகுதி உண்டு' என்ற பச்சை அடையாளத்தை 'நன்றாக ஓடும்' என்று நாங்கள் வாசித்துவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. வளாகத்துக்கு இசட் புள்ளி காணும் என்பதும் வளாகத்தில் சோதனை பாஸ் பண்ணுவதும் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தெரிந்த விசயம்தானே.

மெமரி நிரல் நிரம்பியிருந்தால்

4 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தில், எதையும் திறக்காமலே இயங்குதளம் அதில் பெரும்பங்கை எடுத்துவிடும். பிறகு குரோமில் பத்து டாப், ஒரு வேர்ட் பைல், ஒரு பிடிஎப், சூம். இடம் போதாமல் போகும்போது கணினி ரேமில் இருப்பதை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். அந்த டிஸ்க் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் மேலே சொன்ன உதவியாளருக்கு இன்னும் நடை. இப்படித்தான் மெமரிப் பிரச்சினை டிஸ்க் பிரச்சினையாக வேசம் போட்டு வரும். இரண்டு நிரல்களையும் சேர்த்துப் பார்க்க வேணும் என்று சொல்வது இதனால்தான்.

காசு செலவழிக்க முதல் செய்ய வேண்டியவை

ஒன்று: டாஸ்க் மனேஜரில் 'ஸ்டார்ட்அப் அப்ஸ்' பகுதியைத் திறவுங்கோ. கணினி எழும்பும்போது கூடவே எழும்புகிற மென்பொருள்களின் பட்டியல் அங்கே இருக்கும். சூம், டீம்ஸ், ஸ்பொட்டிபை, பிரிண்டர் உதவியாளர்கள் என்று கன பேர் வரிசையில் நிற்பார்கள். தேவையில்லாதவற்றை 'டிசேபிள்' பண்ணுங்கோ. அவை அழியாது, நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும்.

இரண்டு: சி ட்ரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கோ. அப்கிரேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸ் முழுவதும் ஒரு போல்டரில் கிடக்கும், பல ஜிபி இடம் பிடிக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் என்று போனால் அதை அழிக்கலாம். ஆனால் ஒன்று கவனம். அப்கிரேட் பண்ணி 10 நாட்களுக்குள் பழைய விண்டோசுக்குத் திரும்பிப் போகிற வழி இருக்கிறது, அந்த வழி இந்தப் போல்டரில்தான் தங்கியிருக்கிறது. திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்த பிறகு அழியுங்கோ.

மூன்று: எந்த நிரலும் நிரம்பாமலே திரை மட்டும் தடக்கித் தடக்கி ஓடுகிறது என்றால், கிரபிக்ஸ் டிரைவர் ஒழுங்காக ஏறவில்லை என்று சந்தேகிக்கலாம். டிவைஸ் மனேஜரில் திரைக்கான சில்லின் பெயருக்குப் பதிலாக 'பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் அதுதான் காரணம். லெப்டொப்பின் மொடல் இலக்கத்தைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருந்தே டிரைவரை எடுங்கோ. விண்டோஸ் அப்டேற்றின் 'ஒப்ஷனல் அப்டேற்ஸ்' பகுதியிலும் சிலவேளை இருக்கும்.

நான்கு: இரண்டு வைரஸ் காவல் மென்பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கோ. விண்டோசோடு வருகிற டிபென்டரே எங்கட பாவனைக்குக் காணும். 'பூஸ்டர்', 'கிளீனர்', 'டிரைவர் அப்டேற்றர்' என்று விளம்பரத்தில் வருபவற்றின் பக்கம் போக வேண்டாம். அவையும் பின்னணியில் ஓடுகிற இன்னொரு பாரம்தான், சிலது அதைவிட மோசம்.

ஐந்து: சிபியு நிரல் நிரம்பி, விசிறி கத்தி, அடிப்பக்கம் சுட்டால், தூசு. எங்கட ஊர் வெக்கைக்கும் புழுதிக்கும் இரண்டு மூன்று வருடத்தில் விசிறி அடைத்துவிடும். சூடு கூடினால் செயலி தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கும். இது அப்கிரேட்டால் வந்ததல்ல, அப்கிரேட் கொடுத்த வேலையில் வெளியே தெரிந்தது.

இவ்வளவும் செய்தும் டிஸ்க் நிரல் இறங்காவிட்டால், செலவழிக்க வேண்டிய இடம் எஸ்எஸ்டி. உங்கள் மொடலுக்கு எந்த வகை பொருந்தும் என்று முதலே பாருங்கோ. இரண்டரை அங்குல சாட்டா வகையா, எம் டொட் டூ வகையா என்று தெரியாமல் கடைக்குப் போக வேண்டாம். 256 ஜிபி எங்கட வேலைக்குத் தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டால் ஆய்வுக் கட்டுரைக்கு பக்கப் ஆகிவிடும். அடுத்தது ரேம். சில மெல்லிய லெப்டொப்புகளில் ரேம் பலகையோடு ஒட்டியிருக்கும், கூட்டவே ஏலாது. கூட்டக்கூடியதாக இருந்தால் 8 ஜிபி ஆக்குங்கோ. இரண்டும் சேர்ந்தாலும் புதிய லெப்டொப் ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும்.

போர்மட் எங்களிடம் இருந்து எடுப்பது

போர்மட் அடித்தால் லெப்டொப் கொஞ்ச நாளைக்கு வேகமாக இருக்கும், உண்மைதான். ஸ்டார்ட்அப் பட்டியல் வெறுமையாகிவிடும், டிஸ்க்கில் இடம் வந்துவிடும். ஆனால் ஹார்ட் டிஸ்க் அதே ஹார்ட் டிஸ்க்தான். நாங்கள் திரும்ப எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, இரண்டு மாதத்தில் பழைய இடத்துக்கே வருவோம், திரும்பக் கடைக்குப் போவோம்.

இடையில் இழப்பது என்ன? பாமினியில் தட்டச்சு செய்த குறிப்புகள் எல்லாம், எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் திறக்கும். டெஸ்க்டொப்பில் வைத்திருந்தவை சிலவேளை போயே போய்விடும். கடையில் நிறுவித் தரும் வேர்ட் திருட்டுப் பிரதியாக இருந்தால், அதோடு சேர்ந்து என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் இருக்கு. இப்போதைய விண்டோஸ் 11 ஐப் புதிதாக நிறுவும்போது, பொருத்தமான இயந்திரங்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். அந்தப் பூட்டின் மீட்புச் சாவி, நிறுவும்போது பாவித்த மைக்ரோசொப்ட் கணக்கில் போய் இருக்கும். கடைக்காரர் தன்னுடைய கணக்கைப் போட்டு நிறுவித் தந்தால், உங்கள் டிஸ்க்கின் சாவி அவரிடம். பிறகு ஏதும் பிழைத்து நீல நிறத் திரை அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கும்போது அதை எங்கே போய்த் தேடுவது?

பணத்தைவிடப் பெரிய விசயம் இதற்குள்தான் இருக்கிறது. கலைப்பீட மாணவர்களின் லெப்டொப்பில் இருப்பது எங்கட படங்களும் பாட்டுகளும் மட்டுமல்ல. சமூகவியலும் வரலாறும் புவியியலும் படிக்கிறவர்கள் களத்துக்குப் போய் ஒலிப்பதிவு செய்துகொண்டு வருகிறோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றிக் கதைத்த தாய், காணிப் பிரச்சினையைச் சொன்ன விவசாயி, நுண்கடனில் மாட்டுப்பட்ட அக்கா என்று அந்தக் குரல்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. 'உங்கட பெயரும் குரலும் வெளியே போகாது' என்று சொல்லி, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அதே லெப்டொப்பை, கடவுச்சொல்லையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டி, முன்பின் தெரியாத ஒருவரிடம் இரண்டு நாளைக்குக் கொடுத்துவிட்டு வருவது அந்த வாக்குறுதிக்கு நேர்மாறானது. பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எல்லாக் கடைக்காரரும் பிழையானவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தாலே தீரக்கூடிய ஒன்றுக்காக இந்த ஆபத்தை எடுக்கத் தேவையில்லை என்றுதான் சொல்கிறோம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆய்வுப் பதிவுகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, லெப்டொப்பில் இருந்து எடுத்துவிட்டுக் கொடுங்கோ.

வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்களா?

இந்தக் கேள்வி எல்லாரிடமும் இருக்கிறது, அதற்கு வரலாறும் இருக்கிறது. பட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததாக 2017 டிசம்பரில் அப்பிள் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. போன் திடீரென நின்றுபோவதைத் தடுக்கத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னது. பாவிப்பவர்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டதற்காக 2020 இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. பட்டரியை மாற்றினாலே போன் பழைய வேகத்துக்கு வந்திருக்கும். அது தெரியாமல் எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்?

எல்லா மெதுவுக்கும் இப்படி ஒரு இரகசியம் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கவில்லை. பெரும்பாலும் நடப்பது அதைவிடச் சாதாரணமானது. வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிறது என்ற கருத்தை 1995 இலேயே நிக்லவுஸ் வேர்த் எழுதினார். பாஸ்கல் நிரல்மொழியை உருவாக்கியவர் அவர். எழுதுபவரிடம் புதிய இயந்திரம் இருக்கிறது, அதில் நன்றாக ஓடுகிறது, எனவே எல்லாரிடமும் ஓடும் என்று எண்ணப்படுகிறது. ஹார்ட் டிஸ்க்கோடு வவுனியாவில் இருந்து பாவிக்கிறவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. இதற்குச் சதி தேவையில்லை, கவனமின்மை போதும். ஆனால் விளைவு ஒன்றுதான். ஓடக்கூடிய இயந்திரங்கள் குப்பைக்குப் போகின்றன. 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 62 மில்லியன் தொன் மின்கழிவு உருவானது என்றும், அதில் கால்வாசிக்கும் குறைவானதே முறையாகச் சேகரிக்கப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் அறிக்கை சொல்கிறது.

எனவே 'பழசு' என்பது இயந்திரத்தின் இயல்பு மட்டுமல்ல, யாரோ எடுத்த முடிவும்கூட. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் 8 ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. அந்தத் தலைமுறை வந்ததே 2017 இல்தான். அதற்குப் பாதுகாப்புக் காரணங்கள் சொல்லப்படுகின்றன, அவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2016 இல் வாங்கிய ஒரு ஐ7 லெப்டொப் வேர்ட் ஓட்டவும் கட்டுரை வாசிக்கவும் இன்றைக்கும் நல்லாக் காணும்.

தகுதியில்லை என்று வந்தால்

அப்படிப்பட்ட இயந்திரம் இருப்பவர்களுக்கு இரண்டு வழி. விண்டோஸ் 10 க்கு மேலதிகமாக ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பக்கப்பை ஓன் பண்ணினால் இதற்குக் காசு இல்லை, இல்லாவிட்டால் 30 டொலர். படிப்பை முடிக்கும் மட்டும் பலருக்கு இது ஒரு மூச்சு. பரிசோதனையைச் சுற்றிக்கொண்டு பலவந்தமாக 11 ஐப் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் அப்டேற்றுகள் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

மற்ற வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஈ பதிப்பு, லுபுண்டு போன்றவை பழைய இயந்திரங்களில் இலகுவாக ஓடும். இலவசம், யூஎஸ்பியில் போட்டு நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். யுனிகோட் தமிழ் தட்டச்சு அதில் நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் வருவது வேர்ட் பைல்களின் வடிவமைப்பு லிப்ரேஒபிசில் கொஞ்சம் ஆடும்போதும், எஸ்பிஎஸ்எஸ் போல விண்டோசில் பழகிய மென்பொருள்கள் கேட்கப்படும்போதும். அதை மறைத்து லினக்ஸுக்கு ஆள் சேர்க்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் வாசிக்க, எழுத, இணையம் பார்க்க மட்டும் வேண்டியவருக்கு அது புதுசு எடுப்பதைவிட நல்ல முடிவு.

"நாங்கள் ஆர்ட்ஸ்தானே"

இவ்வளவும் தெரிந்தால் சின்ன விசயங்கள்தான். பிறகேன் கடைக்கு ஓடுகிறோம்? "நாங்கள் ஆர்ட்ஸ், எங்களுக்கு உது விளங்காது" என்ற வசனத்தை பள்ளிக்கூடத்தில் இருந்தே சொல்லப் பழகிவிட்டோம். ஏலெவலுக்குப் பாடம் தெரிந்த அன்று எங்களுக்கு ஒட்டப்பட்ட அடையாளம் அது. வளாகத்தில் கணினிப் பாடம் என்று வருவதும் வேர்ட், எக்செல், பவர்பொயின்ட். எழுத்தைத் தடிப்பாக்கத் தெரியும், இயந்திரம் ஏன் நிற்கிறது என்று பார்க்கத் தெரியாது. அறிவித்தல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வருவது இன்னொரு சுவர். தமிழ் மொழிமூலம் படிக்கிற ஒருவர் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று கண்டதும் மூடிவிடுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் மேலே சொன்ன வேலையை ஒருக்கா யோசித்துப் பாருங்கோ. அறிகுறியைப் பார்ப்பது, ஒன்றை மற்றதோடு ஒப்பிடுவது, சொல்லப்பட்ட காரணத்தைச் சந்தேகிப்பது, சான்று இருக்கிறதா என்று கேட்பது. நாங்கள் நான்கு வருடமும் படிப்பது இதைத்தானே. ஒரு கல்வெட்டையோ குடிசன மதிப்பீட்டு அட்டவணையையோ வாசிக்கத் தெரிந்தவருக்கு நான்கு நிரல் உள்ள டாஸ்க் மனேஜரை வாசிப்பது கஷ்டமில்லை.

பீடச் சங்கங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய செலவில்லாத மூன்று விசயங்கள். ஒன்று, இந்தப் படிமுறைகளைத் தமிழில், திரைப்படங்களோடு, ஒரே பக்கத்தில் அச்சிட்டு நூலகத்திலும் விடுதிகளிலும் ஒட்டுவது. இரண்டு, தவணைக்கு ஒரு நாள் 'திருத்தும் நாள்' வைப்பது. பொறியியல், விஞ்ஞான பீட நண்பர்களைக் கூப்பிடலாம், ஆனால் லெப்டொப்புக்கு முன்னால் அதன் சொந்தக்காரர்தான் இருக்க வேணும், மற்றவர் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேணும். பெண்கள் விடுதியில் அதைப் பெண்களே நடத்த வேணும். மூன்று, ஒரு சின்ன ஸ்குரூ ட்ரைவர் செட், ஒரு யூஎஸ்பி சாட்டா வயர், மின்ட் போட்ட இரண்டு பென்டிரைவ், பக்கப் எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். இவ்வளவும் சங்க அறையில் இரவல் எடுக்கக்கூடியதாக இருந்தால் போதும்.

வருகிற ஒக்டோபரில் விண்டோஸ் 10 க்கான அந்த மேலதிக வருடமும் முடிகிறது. அப்போது இன்னொரு கூட்டம் அப்கிரேட் பண்ணும். அதுக்குள்ள இந்த வேலையைத் தொடங்க வேணும். தொடங்குகிற சங்கத்துக்கு ஒரு பக்கத் தாளை எழுதித் தர நாங்கள் தயார்.